மவுஸ் இல்லாத மேஜை: ஆன்லைன் போக்கரிலிருந்து நேரடி ஆட்டத்துக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் முதலில் திறந்து பார்ப்பது சாலிடேர் சீட்டாட்டத்தைத்தான். விண்டோஸ் 3.0 உடன் 1990-ல் வந்த இந்த விளையாட்டு, சீட்டை இழுத்து இழுத்துப் போடவைத்தே பலருக்கு மவுஸைப் பழக்கிவிட்டது. அதில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்பு எட்டின் மேல் கறுப்பு ஏழை வைக்கப் பார்த்தால், அந்தச் சீட்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். விதிகளை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியதே இல்லை. புரோகிராம் வைத்திருக்கிறது.

தனியாக ஆடும் சாலிடேரில் இது வெறும் சௌகரியம். பணம் வைத்து ஆடும் போக்கரில் இது பெரிய விஷயமாகிவிடுகிறது. திரையில் மட்டுமே ஆடிப் பழகிய ஒருவர் நிஜ மேஜையில் போய் உட்கார்ந்தால், புரோகிராம் இத்தனை நாளும் சத்தமில்லாமல் என்னென்ன வேலைகளைச் செய்து கொடுத்தது என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

நான் வேலை செய்வது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில். இங்கே ஆன்லைன் போக்கர் 2013 நவம்பர் முதல் சட்டப்படி நடக்கிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆடும் நேரத்தில் நீங்கள் மாநில எல்லைக்குள் இருக்கிறீர்களா என்பதையும் மென்பொருள் சோதித்துப் பார்க்கும். அட்லாண்டிக் சிட்டியின் கசினோக்களோ காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள். ஆக, வீட்டுக் கம்ப்யூட்டர், நிஜ மேஜை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இது வசதியான ஊர். என்னுடன் வந்தவர் அலுவலக நண்பர், கோவைக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். எட்டு மாதம் சிறிய தொகைகளுக்கு ஆன்லைனில் ஆடி 900 டாலர் சேர்த்திருந்தார். ஜனவரியில் ஊருக்குப் போக விமான டிக்கெட்டுக்கு என்று ஒதுக்கிய பணம் அது.

ஆட்டம் என்ன?

மூன்று சீட்டு தெரிந்தவர்களுக்கு டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கர் எளிதில் புரியும். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேஜை நடுவில் திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. இடையிடையே நான்கு முறை பந்தயச் சுற்று நடக்கும். உங்கள் முறை வரும்போது அடுத்தவர் கட்டிய தொகைக்குச் சமமாகக் கட்டலாம் (கால்), ஏற்றலாம் (ரெய்ஸ்), சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம் (ஃபோல்டு). நடுவில் சேரும் பணத்துக்குப் பாட் என்று பெயர்.

திரையில் இதற்கெல்லாம் பட்டன்கள் உண்டு. உங்கள் முறை வந்தால்தான் பட்டன் ஒளிரும். எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஸ்லைடரை நகர்த்தித் தேர்வு செய்யலாம். பாட் எவ்வளவு என்று நடுவில் எண்ணாகவே எழுதியிருக்கும். உங்கள் கையில் இருப்பது ஜோடியா, ஃப்ளஷ்ஷா என்பதையும் ஓரத்தில் காட்டிவிடும். அண்ணன் முதல் நாள் மேஜையில் உட்கார்ந்ததும் என் காதில் சொன்னது: "என்னங்க தம்பி, மவுஸையும் காணோம், பட்டனையும் காணோம்!"

வாயால் சொன்னால் முடிந்தது

நேரடி மேஜையில் இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் உட்காரவே கூடாது என்பேன்.

முதலாவது, உங்கள் முறையில் வாயால் சொன்ன சொல் செல்லும். "ரெய்ஸ்" என்று சொல்லிவிட்டால் ஏற்றித்தான் ஆகவேண்டும். இங்கே அன்டூ கிடையாது. இதில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. "ரெய்ஸ், 120" என்று தொகையோடு முதலில் சொல்லிவிட்டால், பிறகு சிப்களை நிதானமாக எண்ணி வைக்கலாம். (சிப் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் அல்ல, உருளைக்கிழங்கில் செய்வதும் அல்ல. பணத்துக்குப் பதிலாகக் கசினோ தரும் வட்ட வில்லை. பொதுவாக வெள்ளை 1 டாலர், சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100.)

இரண்டாவது, சிப்களை ஒரே அசைவில் முன்னால் வைக்க வேண்டும். வாயால் எதுவும் சொல்லாமல் கொஞ்சம் வைத்துவிட்டு, மறுபடி கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் எடுத்து வந்தால் அது செல்லாது. இதை ஸ்ட்ரிங் பெட் என்கிறார்கள். முதல் பகுதியை வைக்கும்போது எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை வைக்கலாமே, அந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் இது.

அண்ணனுக்கு இது நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். அவர் கையில் மூன்று ராணியும் இரண்டு ஏழும் சேர்ந்து ஃபுல் ஹவுஸ். கடைசிச் சீட்டும் திறந்தாகிவிட்டது. எதிரில் இருந்த பெரியவர் 40 டாலர் கட்டினார். அண்ணன் வாய் திறக்காமல் எட்டுச் சிவப்பு சிப்களை முன்னால் தள்ளிவிட்டு, மேற்கொண்டு 80 டாலர் எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனார். சீட்டுப் போடுபவர் உடனே, "கால் மட்டும்தான் சார்" என்றார். சீட்டுகளைத் திருப்பியபோது பெரியவரிடம் ஃப்ளஷ். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் 80 டாலருக்கு ஒதுங்கியிருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. திரையில் ஒரு ஸ்லைடர் செய்யும் வேலைக்கு இங்கே 80 டாலர் விலை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விதி. எதிராளி 15 டாலர் கட்டியிருக்கிறார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு 100 டாலர் சிப்பை வைக்கிறீர்கள். 100 டாலருக்கு ஏற்றியதாகத்தானே நினைப்பீர்கள்? இல்லை. 15 டாலருக்குக் கால். மீதி 85 திரும்பி வரும். ஏற்ற வேண்டுமானால் சிப்பை வைக்கும் முன் வாயால் சொல்ல வேண்டும்.

உங்கள் சீட்டுக்கு நீங்களே காவல் என்பதையும் மறக்க வேண்டாம். கவனக்குறைவாக முன்னால் தள்ளி வைத்தால், நீங்கள் ஒதுங்கிவிட்டதாக நினைத்துச் சீட்டுப் போடுபவர் வாரிக்கொண்டு போய்விடலாம். சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்வது வழக்கம்.

நம்மவர்களுக்கென்றே உள்ள விதி ஒன்றும் உண்டு. ஆட்டம் ஓடும்போது மேஜையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்பது அமெரிக்கப் போக்கர் அறைகளில் பரவலான நடைமுறை. இருவர் வேறு மொழியில் பேசிச் சீட்டு விவரத்தைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது அல்லவா? "என்னப்பா இப்படி விழுது" என்று அண்ணன் முணுமுணுத்ததற்கே எங்கள் இருவர் பக்கமும் பார்த்து, "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்று புன்னகையோடு சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு தமிழ் எல்லாம் காபி குடிக்கப் போகும்போதுதான்.

கூட்டல் கணக்கு உங்கள் தலையில்

பாட் எவ்வளவு என்று கேட்டால் சீட்டுப் போடுபவர் சொல்வார் என்று நினைக்காதீர்கள். நோ லிமிட் ஆட்டத்தில் சிப்களைப் பரப்பிக் காட்டுவார். கூட்டிச் சொல்ல மாட்டார். அது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஆட்டம் தொடங்கும் முன்பே இருவர் கட்டாயமாக 1 டாலரும் 2 டாலரும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் இருவரும் பின்னர் ஒதுங்கிவிட, நீங்கள் உட்பட மூன்று பேர் ஆளுக்கு 12 டாலர் கட்டியிருக்கிறீர்கள். 36-உம் 3-உம் சேர்ந்து 39. முதல் மூன்று சீட்டு திறந்தபோது யாரும் கட்டவில்லை. நான்காவது சீட்டு திறந்ததும் ஒருவர் 25 கட்டுகிறார், இன்னொருவர் ஒதுங்குகிறார். இப்போது பாட் 64. உங்களிடம் நான்கு ஆர்ட்டின் சேர்ந்திருக்கிறது. இன்னும் ஓர் ஆர்ட்டின் விழுந்தால் ஃப்ளஷ். 25 கட்டலாமா?

நீங்கள் பார்த்தது உங்கள் இரண்டு சீட்டும் நடுவில் நான்கும். பார்க்காதது 46. அதில் ஆர்ட்டின் 9. ஆக வாய்ப்பு 46-ல் 9, சுமார் 20 சதவீதம். நீங்கள் கட்டினால் மொத்தம் 89 டாலர் ஆகும். அதில் உங்கள் பங்கு 25, அதாவது 28 சதவீதம். கொடுக்கும் விலை 28, கிடைக்கும் வாய்ப்பு 20. சரக்கு விலை அதிகம், விட்டுவிடுங்கள். ஃப்ளஷ் விழுந்த பிறகு எதிராளி இன்னும் நிறையக் கட்டுவார் என்று நம்பினால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

திரையில் 64 என்ற எண் கண்முன் இருக்கும்போது இதைச் சில விநாடிகளில் போட்டுவிடலாம். மேஜையில் அந்த 64 குவியலாகக் கிடக்கும். எனவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மனதுக்குள் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கடைக்காரர் பை நிறைய நிறைய விலையைக் கூட்டிக்கொண்டே போவாரே, அதே முறைதான். நீங்கள் ஒதுங்கிவிட்ட ஆட்டங்களிலும் கூட்டிப் பழகுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இங்கே நிறையக் கிடைக்கும்.

13 வருடக் கணக்கு

உண்மையிலேயே நிறையக் கிடைக்கும். நேரடி மேஜையில் ஒரு மணி நேரத்தில் 25 முதல் 30 ஆட்டங்கள்தான் நடக்கும். சீட்டைக் கலைக்க வேண்டும், பகிர வேண்டும், ஒருவர் யோசிக்க வேண்டும், ஒருவர் சாண்ட்விச் வாங்க வேண்டும். திரையில் ஒரு மேஜையிலேயே மணிக்கு 70 ஆட்டம் போகும். பழகியவர்கள் நான்கு விண்டோக்களைத் திறந்துவைத்து ஒரே நேரத்தில் நான்கு மேஜையில் ஆடுவார்கள். அண்ணனும் அப்படித்தான்; மணிக்கு 280.

வாரத்துக்கு 10 மணி நேரம், 34 வாரம் என்று வைத்தால் அவர் ஆன்லைனில் ஆடியது 95,200 ஆட்டங்கள். மணிக்கு 28 என்ற வேகத்தில் அதே எண்ணிக்கையை நேரடியாக ஆட 3,400 மணி நேரம் வேண்டும். சனிக்கிழமைதோறும் 5 மணி நேரம் ஆடினால் 680 வாரம். பதின்மூன்று வருடம்!

இதை நான் விளையாட்டுக்காகக் கணக்குப் போடவில்லை. போக்கரில் ஒரு நாள் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் அதிர்ஷ்டம். திறமை வெளியே தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். ஆன்லைனில் ஒரு மாதத்தில் தெரிந்துவிடக்கூடிய விஷயம், நேரடி மேஜையில் வருடக்கணக்கில் தெரியாமலேயே இருக்கலாம். தொடர்ந்து நான்கு சனிக்கிழமை ஜெயித்துவிட்டு வேலையை விடலாமா என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். நான்கு சனிக்கிழமை என்பது 560 ஆட்டம், அண்ணனின் நான்கு விண்டோக்களில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். முதல் நாள் இரவு அவர் 60 டாலர் குறைவாக எழுந்தார். அதிலிருந்தும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அவர் 900 டாலரையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று முதலில் சொன்னார். இந்தக் கணக்கைக் காட்டியபின் 200 டாலர் மட்டும் ரொக்கமாக எடுத்துக்கொண்டார். ஏ.டி.எம். கார்டு வீட்டிலேயே இருந்தது. டிக்கெட் பணம் தனியாக வங்கியில். இது கொஞ்சம் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் மேஜையில் உட்கார்ந்தபின் 25 டாலர் பணமாகத் தெரியாது, பச்சை வில்லையாகத்தான் தெரியும். ஆன்லைனில் அது வெறும் எண். இரண்டுமே ஒருவிதத்தில் மறைப்புத்தான்.

யார் சீட்டைக் கலைப்பது?

மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது. "கம்ப்யூட்டர் கலைத்தால் ஏமாற்றலாம், கண்ணெதிரே மனிதர் கலைத்தால் நியாயமாக இருக்கும்" என்று பலர் நம்புகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கை 8-க்குப் பின்னால் 67 பூஜ்ஜியங்கள் போட்ட அளவுக்குப் பெரியது. கம்ப்யூட்டர் தானாக எதையும் "குத்துமதிப்பாக" செய்யாது. ஒரு தொடக்க எண்ணை வாங்கி, அதிலிருந்து கணக்குப் போட்டு, பார்வைக்கு ஒழுங்கற்றது போன்ற எண்களைத் தரும். தொடக்க எண் தெரிந்தால் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். ஏ.எஸ்.எஃப். சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் தன் மென்பொருள் நேர்மையானது என்று காட்டுவதற்காகக் கலைக்கும் முறையை வெளியிட்டது. ரிலயபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தின் வல்லுநர்கள் 1999-ல் அதைப் படித்துப் பார்த்தார்கள். தொடக்க எண் 32 பிட். எனவே சாத்தியமான அடுக்குகள் 430 கோடிக்குள்தான். அதையும் நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகளைக் கொண்டு எடுத்ததால் 8 கோடியே 64 லட்சமாகச் சுருங்கியது. தங்கள் கம்ப்யூட்டர் கடிகாரத்தைச் சர்வரின் கடிகாரத்தோடு ஒத்துவைத்ததும் சுமார் 2 லட்சம்! கையில் இரண்டு, நடுவில் மூன்று என ஐந்து சீட்டு தெரிந்தால் போதும். எல்லோர் கையையும் புரோகிராம் சொல்லிவிட்டது. இந்தக் குறை வெளியானபின் சரிசெய்யப்பட்டது.

மனிதர் கலைப்பதில்? சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று சரசரவென்று விழவைக்கும் முறையில் ஏழு தடவை கலைத்தால்தான் போதுமான அளவு கலையும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள் 1992-ல் காட்டினார்கள். மேஜையில் அத்தனை முறை யாரும் கலைப்பதில்லை. அதனால்தான் பல கசினோ மேஜைகளில் கலைக்கும் இயந்திரத்தைப் பதித்திருக்கிறார்கள். அதற்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான்! அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தின் யு.எஸ்.பி. துளை வழியாக உள்ளே நுழைய முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023-ல் செய்து காட்டினார்கள். 2025 அக்டோபரில் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், தனியார் நடத்திய ரகசிய ஆட்டங்களில் மாற்றியமைத்த இயந்திரங்களைக் கொண்டு மோசடி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. அரசு அனுமதியும் கேமரா கண்காணிப்பும் இல்லாத இடத்தில் உட்காராதீர்கள். திரைக்கும் இதுவே பொருந்தும்.

முகத்தைப் படிக்க முடியுமா?

சினிமாவில் கதாநாயகன் எதிராளியின் கண்ணைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடுவார். நடைமுறையில் அது மிகக் குறைவு. உங்கள் இடப்பக்கம் இருப்பவர்களைப் பார்ப்பதுதான் அதிகப் பலன் தரும். உங்களுக்குப் பிறகு ஆட வேண்டியவர்கள் அவர்கள். சிலர் தங்கள் முறை வரும் முன்பே ஒதுங்குவதற்குச் சீட்டைக் கையில் தூக்கி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் உங்கள் முடிவு எளிதாகும்.

ஆன்லைன்காரர்களுக்குள்ள பெரிய வேறுபாடு, புள்ளிவிவரம் இல்லாமல் போவது. போக்கர் டிராக்கர் போன்ற புரோகிராம்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் டேட்டாபேஸில் சேமித்து, எதிராளி எத்தனை சதவீத ஆட்டங்களில் பணம் கட்டுகிறார் என்று அவர் பெயருக்கு அருகிலேயே காட்டும். (சில தளங்கள் இதை அனுமதிப்பதில்லை.) மேஜையில் அந்த டேட்டாபேஸ் உங்கள் மூளைதான். எட்டுப் பேரையும் நினைவில் வைக்க முயல வேண்டாம். அதிகம் ஆடுபவர் ஒருவர், மிகக் குறைவாக ஆடுபவர் ஒருவர், இந்த இருவரை அடையாளம் கண்டாலே முதல் நாளுக்குப் போதும்.

ஆன்லைனிலிருந்து வந்தவர்கள் நேரடியில் தோற்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜமான குடும்பப் பெயர்தான்!) இணையத்தில் 86 டாலர் தகுதிப் போட்டி வழியாக 2003 உலகப் போக்கர் தொடருக்கு வந்தார். லாஸ் வேகாஸில் 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அடுத்த ஆண்டே அந்தப் போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். நார்வேயைச் சேர்ந்த ஆனெட் ஓப்ரஸ்டாட் 2007-ல் லண்டனில் உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் போட்டியை வென்றபோது அவருக்கு 19 வயதுகூட நிறையவில்லை. அதற்கு முன் 180 பேர் கொண்ட ஆன்லைன் போட்டி ஒன்றில், திரையில் தன் சீட்டுகளை மறைத்துவைத்துக்கொண்டே ஆடி ஜெயித்தவர் அவர். யார் எப்போது எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதைக் கவனிப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. இந்தத் திறமை திரையிலிருந்து மேஜைக்கு அப்படியே வரும்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. சட்டம் வந்த கையோடு இந்தியாவின் பெரிய தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. எனவே "இந்த ஃபைலை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்தால் பணம் வைத்து ஆடலாம்" என்று வரும் செய்திகளைத் தொடாதீர்கள். பணம் போவது ஒருபுறம், உங்கள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் என்ன நுழைகிறது என்பது தெரியாது.

கற்றுக்கொள்வதற்குப் பணம் தேவையும் இல்லை. நானும் அண்ணனும் அட்லாண்டிக் சிட்டி போவதற்கு முன் மூன்று வாரம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நிஜச் சீட்டுக்கட்டை வைத்துப் பழகினோம். சிப்களுக்குப் பதில் புளியங்கொட்டை. (ஒரு மாதப் புளியையும் ஒரே நாளில் கொட்டை எடுத்துவிட்டோம் என்பது வீட்டில் வேறு பிரச்சினையானது.) கொட்டைகளை ஐந்தைந்தாக அடுக்கி ஒரே அசைவில் முன்னால் வைப்பது, தொகையை வாயால் சொல்வது, பாட்டைக் கூட்டுவது, சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பது இவையெல்லாம் இரண்டு மாலையில் கைக்கு வந்துவிடும். கூட்டலுக்குத்தான் மூன்றாவது வாரமும் தேவைப்பட்டது.

அண்ணன் இப்போது தொகையை முதலில் சொல்லிவிட்டுத்தான் சிப்பைத் தொடுகிறார். ஜனவரி டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.